டாக்சி ஓட்டிய காலத்தையும் சரியாகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ஃபிலிப் கிளாஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் அவருக்கு அரைப் பக்கம் கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கட்டுரை சொல்லும் கதையில் ஒரு முக்கியமான இடம் தவறிவிட்டது. வறுமையில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார், ஓர் இரவில் புகழ் வந்தது, அதோடு கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி நடக்கவில்லை. காந்தியைப் பற்றி அவர் எழுதிய இசை நாடகத்தைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பதால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அஞ்சலகத்தில் கவுன்ட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்த காலம் முழுக்க மாலையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆர்கன் வாசித்தேன். இன்றும் அது தொடர்கிறது. என் மாணவன் ஒருவனின் அப்பா உங்கள் கட்டுரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா டீச்சர், அவ்வளவு பெரிய ஆளே டாக்சி ஓட்டித்தான் பொழச்சிருக்கார். எம்பையனுக்கு இது சரிப்படுமா?" என்று கேட்டார். அந்தப் பையன் வாசிப்பதோடு நிற்காமல் சொந்தமாக மெட்டுப் போட்டு எழுதுகிறவன். தகப்பனாரின் பயம் நியாயமானது. அதற்காகவே முழுக் கதையையும் அவருக்குச் சொன்னேன். உங்கள் மற்ற வாசகர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

கிளாஸின் அம்மாவும் இதே பயத்தைத்தான் சொன்னார். அவர் பள்ளி நூலகர். நியூயார்க் போய் இசை படித்தால் உன் ஹென்றி மாமா மாதிரி ஊர் ஊராகச் சுற்றி ஓட்டல் அறைகளில் காலம் தள்ளுவாய் என்று மகனை எச்சரித்தார். அந்த மாமா மேடைக் கேளிக்கைக் குழுக்களில் டிரம் வாசித்தவர். அப்பா பால்டிமோரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். விற்காத தட்டுகளை இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏன் இது விற்கவில்லை என்று கண்டுபிடிப்பதற்காகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். அவை பெரும்பாலும் பார்ட்டோக், ஷோஸ்தகோவிச் மாதிரி அந்தக் கால நவீன இசை. கேட்டுக் கேட்டு அவருக்கே அவை பிடித்துப்போயின. வீட்டில் பிள்ளையாக இருந்து அதைக் கேட்டு வளர்ந்தவர் கிளாஸ். 1937-இல் பிறந்தவர், 15 வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 19-இல் பட்டம் வாங்கிவிட்டார். அப்புறம் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் சேரப் பணம் வேண்டியிருந்தது. பால்டிமோரில் பெத்லஹேம் ஸ்டீல் உருக்காலையில் சில மாதம் வேலை பார்த்துச் சேர்த்தார். கையால் உழைத்துச் சம்பாதித்து இசைக்குச் செலவழிக்கும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. அது அவரைத் தேடி வந்த விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே தேர்ந்தெடுத்த வழி அது.

1964-இல் உதவித்தொகை பெற்று பாரிஸ் போனார். அங்கே நாடியா பூலஞ்சே என்ற கண்டிப்பான ஆசிரியையிடம் இரண்டு வருடம் ஸ்வர இணைவும் (ஹார்மனி) எதிர்ஸ்வர இலக்கணமும் (கவுன்ட்டர்பாயின்ட்) படித்தார். ஜூலியார்டில் முதுகலை முடித்தவரை அந்த அம்மையார் பாலபாடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். அவரும் ஆரம்பித்தார். பிள்ளைகள் ஸ்கேல் வாசிக்க முகம் சுளிக்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்வது வழக்கம்.

பாரிஸில் இன்னொரு பள்ளிக்கூடமும் அவருக்கு வாய்த்தது. ஒரு படத்துக்குப் பண்டிட் ரவிசங்கர் இசையமைத்துக்கொண்டிருந்தார். அவர் சிதாரில் வாசித்துக் காட்டுவதை பிரெஞ்சுக் கலைஞர்கள் வாசிப்பதற்காக மேற்கத்திய முறையில் எழுதித் தருவது கிளாஸின் வேலை. எழுதினார், ஆனால் தாளத்தில் அழுத்தம் தவறான இடத்தில் விழுந்தது. தபலா வித்வான் அல்லா ரக்கா ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, எல்லா ஸ்வரங்களும் சமம், சமம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிளாஸ் இசைத் தாளில் தாளத்தைப் பகுத்துக் காட்டும் பார் கோடுகளை எல்லாம் அழித்தார். கோடு போனதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டும் மூன்றுமாகக் கூடிக்கூடிப் போகும் அந்த எண்ணிக்கை அவரை அப்படியே பிடித்துக்கொண்டது.

தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய நம் வாசகர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. தக, தகிட என்று சின்னச் சொல்லில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அட்சரம் கூட்டிக்கொண்டே போவதை நம் மிருதங்கக்காரர்கள் ஸ்ரோதோவஹ யதி என்பார்கள். கிளாஸ் 1968-இல் எழுதிய ஒரு படைப்புக்கு 'ஒன்று கூட்டல் ஒன்று' என்றே பெயர். ஒலிபெருக்கி பொருத்திய மேசைப் பலகையில் ஒருவர் விரலால் தட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டே லயத் துணுக்குகள், அவற்றைக் கூட்டியும் குறைத்தும் போக வேண்டும். என் தெருவில் இருக்கும் மிருதங்க ஆசிரியருக்கு இதைக் காட்டினேன். இது எங்க முதல் வருஷப் பாடமாச்சே என்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு வேற்று நாட்டுக்காரர் ஐந்து மணி நேர இசை நாடகம் கட்டினார் என்பதுதான் அதற்கு அப்புறம் வரும் விஷயம்.

1967-இல் நியூயார்க் திரும்பினார். மறு வருடம் சொந்தக் குழு அமைத்தார். மின் ஆர்கன்கள், சாக்ஸபோன், புல்லாங்குழல், ஒரு குரல், எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி. ஓவியர்களின் மாடி அறைகளிலும் காட்சிக்கூடங்களிலும் வாசித்தார்கள். பகலில் இன்னொரு இசையமைப்பாளரான ஸ்டீவ் ரைக்கோடு சேர்ந்து வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் செய்தார். பிளம்பர் வேலை கற்றுக்கொண்டார். டைம் பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் பொருத்திக்கொண்டிருந்தபோது ஹியூஸ் அவரை அடையாளம் கண்டு பதறிப்போனார், நீங்கள் கலைஞராயிற்றே என்று. கலைஞன்தான், சில சமயம் பிளம்பரும்கூட, வேலையை முடிக்க விடுங்கள் என்றாராம் கிளாஸ். இதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இந்த வருடங்களில் அவர் செய்த இன்னொரு காரியத்தை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. தன் இசையின் உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் எழுதியவற்றைத் தன் குழு தவிர மற்றவர்கள் வாசிக்க அவர் கொடுக்கவில்லை. இந்த இசை கேட்க வேண்டும் என்றால் எங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று வைத்தார். அதனால் குழுவில் இருந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. தனக்கென்று ஒரு பதிப்பு நிறுவனம் வைத்துக்கொண்டார். டாக்சி ஓட்டிய பணம் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டதால்தான் இசையை அவசரத்துக்கு விற்காமல் இருக்க முடிந்தது. இன்று தமிழ்நாட்டில் எத்தனை இளம் இசைக்கலைஞர்கள் முதல் ஒப்பந்தத்திலேயே கையெழுத்துப் போட்டு மெட்டுகளை மொத்தமாகக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்! அவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். இதை விட்டுவிட்டு டாக்சியை மட்டும் சொன்னால் பரிதாபம்தான் மிஞ்சும்.

சரி, அந்த டாக்சிக்கு வருவோம். பிற்பகலில் வண்டி எடுத்து நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் வீடு திரும்புவார். உடனே படுப்பதில்லை. விடியும் வரை இசை எழுதுவார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து அப்புறம்தான் தூக்கம். எழுபதுகளின் நியூயார்க்கில் இரவு டாக்சி என்பது ஆபத்தான வேலை, ஓட்டுநர்கள் கொலையான செய்திகள் சாதாரணமாக வந்த காலம். அந்த விடியற்காலைகளில் எழுதியதுதான் இயக்குநர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து செய்த 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்'. நான் மேலே சொன்ன ஐந்து மணி நேர இசை நாடகம் இதுதான். கதை கிடையாது, இடைவேளை கிடையாது. பாடகர்கள் எண்களையும் டோ ரே மீ என்ற ஸ்வரப் பெயர்களையும் பாடுவார்கள். 1976 ஜூலையில் பிரான்சின் அவின்யோன் விழாவில் அரங்கேறியது. அதே நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா மண்டபத்தை இரண்டு ஞாயிறுகளுக்கு வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். இரண்டு நாளும் டிக்கெட் முழுக்க விற்றது.

உங்கள் கட்டுரையின் 'ஓர் இரவு' இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அரங்கம் நிறைந்தும் கடைசியில் லட்சம் டாலரை நெருங்கும் கடன்தான் மிஞ்சியது. அவர் திரும்பவும் டாக்சிதான் ஓட்டினார். அந்த நாட்களில் வண்டியில் ஏறிய ஒரு பெண்மணி கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஓட்டுநர் பெயர்ச் சீட்டைப் படித்துவிட்டு, உங்களுக்கு ஒரு பெரிய இசையமைப்பாளரின் பெயர் இருக்கிறதே, தெரியுமா என்று கேட்டாராம். புகழ் வந்த பிறகும் அவர் ஸ்டியரிங் பிடித்தார். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாக எங்கேயும் தெரியவில்லை. பியானோ வகுப்புக்கு வரும் பெற்றோரிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இதுதான். பிழைப்புக்கு ஒரு வேலை வைத்துக்கொள்வது இசையில் தோற்றதற்கு அடையாளம் இல்லை. பகலில் தபால் தலை விற்றுவிட்டு மாலையில் பாஹ் வாசித்த எனக்கு அது நன்றாகவே தெரியும்.

டாக்சி எப்போது நின்றது? அவருக்கு 41 வயது ஆனபோது. நெதர்லாந்திலிருந்து புதிய இசை நாடகம் ஒன்றுக்கு அழைப்பு வந்திருந்தது, ஒரு அறக்கட்டளை நிதியும் கிடைத்தது. அந்தப் பணத்தில் அவர் எழுதியதுதான் காந்தியைப் பற்றிய 'சத்தியாகிரகா'. 1980 செப்டம்பரில் ரோட்டர்டாமில் அரங்கேறியது. அவரை டாக்சியிலிருந்து இறக்கியது காந்தி. கொஞ்சம் உரிமையோடு சொல்வேன், தென்னாப்பிரிக்கத் தமிழர்களும்.

அந்த நாடகம் காந்தியின் இந்திய வாழ்க்கையைப் பற்றியது இல்லை. 1890-களிலிருந்து 1913 வரை தென்னாப்பிரிக்காவில் அவர் போராடிய காலம் மட்டும்தான் அதில் வருகிறது. மூன்று அங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி: டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங். டர்பனில் கூட்டம் காந்தியை அடிக்க வரும்போது போலீஸ் அதிகாரியின் மனைவி அலெக்சாண்டர் அம்மையார் குடையை விரித்துக் காப்பாற்றியது ஒரு காட்சி. இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைக் குவித்துக் கொளுத்தியது ஒன்று. காந்தி அங்கே நடத்திய 'இந்தியன் ஒப்பினியன்' பத்திரிகைக்கென்றே ஒரு காட்சி இருக்கிறது. 1903-இல் அந்தப் பத்திரிகை தொடங்கியபோது அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது என்பதைத் தமிழ் நாளிதழ் நடத்தும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாடல்கள் முழுக்கச் சமஸ்கிருதம், எல்லாம் பகவத் கீதையிலிருந்து எழுத்தாளர் கான்ஸ்டன்ஸ் டிஜாங் தொகுத்துக் கொடுத்தவை. மேடையில் நடப்பதைப் பாட்டு விவரிக்காது. போராட்டம் கண்ணுக்கு முன்னால் நடக்கும், காதில் கீதை ஓடும். பித்தளைக் கருவிகளும் இல்லை, தாள வாத்தியமும் இல்லை. வயலின் குடும்பம், மரக்குழல்கள், ஓர் ஆர்கன், அவ்வளவுதான். ஆர்கன் வாசிக்கிறவள் என்பதால் அந்த ஒலி எனக்குச் சொந்த வீட்டு ஒலி மாதிரி இருந்தது.

கடைசி அங்கம் நியூகாசில் அணிவகுப்பு. இங்கேதான் நம் ஊர் வருகிறது. ஒப்பந்தக் கூலிகளாகப் போய் ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டிருந்தார்கள். 1913 அக்டோபரில் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களிடம் போய்ப் பேசி வேலையை விட வைத்தவர்கள் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து போன பெண்கள். கைக்குழந்தைகளோடு போன தமிழ்ப் பெண்கள் அதில் பலர். காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடு அவர்களுக்குத் துணையாகப் போனார். நவம்பர் 6 அன்று காந்தியோடு எல்லை தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று கணக்கு இருக்கிறது. அதே போராட்டத்தில் சிறை போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்தவள்தான் தில்லையாடி வள்ளியம்மை. வயது 16. நாடகத்தின் பாத்திரப் பட்டியலில் 'திருமதி நாயுடு' என்று ஒரு சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) பாத்திரமே உண்டு. உலகத்தின் பெரிய ஆப்பரா மேடைகளில் அந்தப் பெயரோடு ஒரு பெண் நின்று பாடுகிறாள். எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

முடிவில் காந்தி தனியாக நின்று ஒரு மாலைப் பாட்டுப் பாடுகிறார். தர்மம் குலையும்போதெல்லாம் நான் பிறந்து வருகிறேன் என்ற கீதைப் பகுதிதான் சாகித்யம். மெட்டு என்பது எட்டு ஸ்வரம் ஏறும் ஓர் ஆரோகணம் மட்டும். இறங்குவதே கிடையாது, 30 தடவை அதே ஏற்றம். பியானோவில் கறுப்புக் கட்டையைத் தொடாமல் இ (E) என்ற ஸ்வரத்திலிருந்து அடுத்த இ வரை வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் அது வந்துவிடும். அந்த ஸ்வரங்களை நம் முறையில் எழுதினால் ஹனுமத்தோடி ராகத்தின் ஆரோகணம். கமகம் இல்லாததால் தோடியைக் கேட்ட உணர்வு வராது, தோடியைத் தேடிக்கொண்டு கேட்கவும் கூடாது. ஆனால் பாடகரின் குரல் ஏற ஏற அடியில் தந்திகளின் சுருதி இணைவு மாறிக்கொண்டே போகும். ஏறியது ஒரே படிதான், ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் போய் நிற்கிற மாதிரி இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி இந்த நாடகத்தின் ஒலிப்பதிவை மூன்று குறுந்தகடுகளில் அனுப்பியிருந்தாள். முதல் தடவை அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்டு முடித்ததும் எழுந்து போகத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

2011 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் இந்த நாடகம் முடிந்த இரவு, அந்த அரங்கம் இருக்கும் லிங்கன் சென்டர் வளாகத்தின் வாசலில், பெரும் பணக்காரர்களின் ஆதிக்கத்தை எதிர்த்த வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரர்கள் கூடியிருந்தார்கள். கிளாஸ் அரங்கத்திலிருந்து வந்து அவர்களோடு நின்று, நாடகத்தின் அந்தக் கடைசி வரிகளைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் திருப்பிச் சொன்னது. அப்போது அவருக்கு வயது 74.

அவருடைய பியானோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் அவர் எட்யூடுகள், அதாவது விரல் பயிற்சிக்கான பியானோ படைப்புகள், எழுத ஆரம்பித்தார். மொத்தம் 20, கடைசியாக எழுதியது 2012-இல். முதல் பத்து தன் கையைத் தானே திருத்திக்கொள்ள எழுதியவை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அறுபதை நெருங்கும்போது தனக்குத்தானே பாடம் எழுதிக்கொண்ட மனிதர்! என் மாணவர்களுக்கு நான் கொடுப்பது 'கிளாஸ்வொர்க்ஸ்' தொகுப்பின் 'ஓப்பனிங்'. வலது கையில் மும்மூன்றாகவும் இடது கையில் இரண்டிரண்டாகவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். எண்ணி எண்ணிப் பார்த்தால் வராது. வலதுக்குத் தகிட, இடதுக்குத் தக என்று வாயால் சொல்லிப் பழகினால் சின்னப் பிள்ளைக்கும் வந்துவிடுகிறது. அல்லா ரக்கா பாரிஸில் கொடுத்ததை நாங்கள் இங்கே திரும்ப வாங்கிக்கொள்கிறோம். அந்தப் பையனும் இதைத்தான் இப்போது வாசிக்கிறான். தகப்பனாரிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, முதலில் அவன் பிளஸ் டூ முடிக்கட்டும், வகுப்பை நிறுத்த மாட்டேன் என்று சொல்லிப் போனார். அது போதும் எனக்கு.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: 1976-க்குப் பிறகும் அவர் டாக்சி ஓட்டினார், நிறுத்தியது 'சத்தியாகிரகா' எழுதத் தொடங்கிய காலத்தில். வருகிற நவம்பர் 6-ஐ ஒட்டி, நியூகாசில் நடைப்பயணத்தையும் இந்த இசை நாடகத்தையும் சேர்த்து ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு தெரிந்த ஒருவரையும் இசை தெரிந்த ஒருவரையும் எழுதச் சொல்லுங்கள். கட்டுரையாளருக்கு ஒலிப்பதிவு வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, என் முகவரியைத் தனியே அனுப்பியிருக்கிறேன், தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
பாளையங்கோட்டை